எதிரியை மனுசரில் தேடாதேங்கோ: ஆவிக்குரிய போராட்டம் பற்றி

எங்கட சபைகளில் வளர்ந்த ஒருவர் ‘ஆவிக்குரிய யுத்தம்’ என்ற சொல்லைக் கேட்காமல் இருபது வயதைத் தாண்டியிருக்க முடியாது. வாலிபர் கூட்டம், முழு இரவு ஜெபம், யூடியூப் பிரசங்கம், விடிய நாலு மணிக்கு வட்ஸ்அப்பில் வருகிற வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றிலும் அது இருக்கும். கூட்டத்துக்குப் போகிற வழியில் மோட்டச்சைக்கிள் ரயர் காற்றுப் போனால் சாத்தானின் தடை. ஆராதனைக்கு நடுவில் கரண்ட் போனால் சாத்தானின் தடை. அந்த ரயரைப் போன வருசமே மாற்றியிருக்க வேணும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கத்தில் இதையெல்லாம் கேட்டுக் களைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். கம்பஸ் போய், நாலு புத்தகம் வாசித்து, பிசாசு என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் விட்டவர்கள். அவர்களில் கனபேர் என் நண்பர்கள். ஆனால் நித்திரை வராத இரவுகளில், “உன்னால ஒண்டும் ஏலாது, நீ ஆருக்கும் தேவையில்லை” என்று உள்ளுக்குள் கேட்கிற ஒரு குரலைப் பற்றி அவர்களும் என்னோடு கதைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் குரல் பழக்கம்தான்.

அதனால் சொல்கிறேன், போராட்டம் உண்மை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதைப் பற்றி நாங்கள் கதைக்கிற விதம் பலநேரம் எங்களைப் பிழையான பக்கம் திருப்பி நிறுத்திவிடுகிறது. எதிரி வருகிற வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வேறெங்கேயோ பார்த்துச் சத்தம் போடுகிறோம்.

யுத்தம் என்பது எங்களுக்கு உவமை மட்டும் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து நடந்து வெளியே வந்தவர்கள் எங்கட சபைகளில் வாங்குகளில் இருக்கிறார்கள். மேடையில் ஒரு தம்பி மைக்கைப் பிடித்து “யுத்தத்துக்கு ஆயத்தமா?” என்று கத்தும்போது, பின்வரிசையில் இருக்கிற ஒரு அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவ தட்டவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட வேணும் என்று நான் சொல்லவில்லை, வேதத்திலேயே அது இருக்கிறது. ஆனால் உண்மையான ஒரு யுத்தத்தைப் பார்த்த சனத்துக்குச் சில கேள்விகளைக் கேட்கிற உரிமை இருக்கிறது. ஆர் எதிரி? அவன் என்ன செய்கிறான்? அவனை எப்படி எதிர்த்து நிற்கிறது?

ஆர் எதிரி?

எல்லாரும் எடுத்துப் பிரசங்கிக்கிற பகுதி எபேசியர் 6ஆம் அதிகாரம். தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம், பட்டயம் என்று ஞாயிறு பள்ளியில் காட்போட் மட்டையில் வெட்டி ஒட்டின ஞாபகம் பலருக்கு இருக்கும். ஆனால் ஆயுதங்களைப் பற்றிச் சொல்ல முதல் பவுல் ஒரு விசயத்தைத் தெளிவாக வைக்கிறார். எங்கட போராட்டம் மாம்சமும் இரத்தமும் உள்ள ஒருவரோடும் இல்லை என்கிறார். இதை எழுதுகிறவர் விலங்கில் இருக்கிறார், அதே அதிகாரத்தின் கடைசியில் அவரே அதைச் சொல்கிறார். தன்னைக் கட்டி வைத்த அதிகாரிகளை, காட்டிக்கொடுத்தவர்களை எதிரி என்று எழுத அவருக்குக் காரணம் இருந்தது. எழுதவில்லை.

இது எவ்வளவு கஷ்டமான வசனம் என்று 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்களுக்கு விளங்கியிருக்க வேணும். உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சீயோனில் செத்தவர்களில் கனபேர் பிள்ளைகள். அதைச் செய்தவர்கள் பெயருள்ள மனிதர்கள், அதற்குச் சட்டத்தில் பதில் வேண்டும், நீதி கேட்பது ஆவிக்குரிய வாழ்க்கைக்கு எதிரானது இல்லை. ஆனால் அடுத்த மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அந்தக் குண்டுகளோடு ஒரு சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் எங்கட வட்ஸ்அப் குறூப்புகளில் வந்த செய்திகள் எனக்கு இன்னும் ஞாபகம். ‘அவங்களிட கடையில வாங்காதேங்கோ’ என்ற செய்தி ஒரு ஜெபக் குறிப்புக்கும் இன்னொரு ஜெபக் குறிப்புக்கும் நடுவில் வந்தது.

குண்டு வெடித்தது ஒரு தாக்குதல். அதற்குப் பிறகு எங்கட மனதுக்குள் நடந்தது இன்னொரு தாக்குதல். முதலாவதை நாங்கள் தடுத்திருக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கத்தான் அந்தக் கவசம் தரப்பட்டது.

சீஷருக்கும் இந்தச் சோதனை வந்தது. சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்காதபோது, வானத்தில் இருந்து நெருப்பை இறக்கட்டோ என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள் (லூக்கா 9). அதற்கு எலியாவின் முன்னுதாரணம் இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இயேசு திரும்பி அவர்களை அதட்டினார். கிராமத்தை அதட்டவில்லை. பிறகு எல்லாரும் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

இப்ப எங்கட ஊர்களில் புதிதாகப் பரவியிருக்கிற ஒரு பழக்கத்தையும் சொல்ல வேணும். ஒரு ஊருக்குப் போய், அந்த ஊரை ஆளுகிற ஆவி எது என்று கண்டுபிடித்து, அதற்குப் பெயர் வைத்து, கோயில் வீதியைச் சுற்றி நடந்து ‘கட்டுகிற’ பழக்கம். இது ஆதித் திருச்சபையில் இருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் கற்பித்த பீட்டர் வாக்னர் போன்றவர்கள் 1990களில் பரப்பிய முறை இது. இதற்குக் காட்டுகிற முக்கியமான பகுதி தானியேல் 10. அதை ஒருக்கா ஆறுதலாக வாசித்துப் பாருங்கோ. பெர்சியாவின் அதிபதியோடு போராடுகிறது தானியேல் இல்லை. தானியேல் மூன்று வாரம் துக்கத்தோடு உபவாசமிருந்து ஜெபிக்கிறார். மேலே அப்படி ஒரு போராட்டம் நடந்தது என்பதே, தூதன் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். அவர் ஒரு ஆவிக்கும் பெயர் வைக்கவில்லை, ஒன்றையும் கட்டவில்லை. தன் சனத்துக்காக அழுதார். பகலில் அதே பெர்சிய ராசாவின் நாட்டில் இருந்தார்.

கோயில் வீதியைச் சுற்றி ‘கட்டிவிட்டு’ வருகிற பெடியன், அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமி கொண்டு வருகிற பொங்கலை எந்த முகத்தோடு வாங்குவான்? ஒரு ஊரை ஆவியின் பிரதேசம் என்று வரைபடத்தில் அடையாளம் வைத்த பிறகு, அந்த ஊர்ச் சனத்தை அயலவராகப் பார்ப்பது கஷ்டம். நான் பிடித்து வைத்திருக்கிற முதல் சோதனை இதுதான்: எனக்குச் சொல்லப்படுகிற ஒரு போதனை, ஒரு மனுசரை எனக்கு எதிரியாகக் காட்டினால், அது எந்த ஆவியில் இருந்து வருகிறது என்று யோசிக்க வேணும்.

மத்தேயு 16இல் இயேசு பேதுருவைப் பார்த்தே சாத்தான் என்ற சொல்லைப் பாவித்தார். உண்மைதான். ஆனால் பேதுருவைத் துரத்தவில்லை. பேதுருவின் வாயில் வந்த யோசனையை அடையாளம் கண்டார், சிலுவை இல்லாமலே போகலாம் என்ற யோசனை அது. அதே பேதுருவுக்குப் பிறகு கடற்கரையில் நெருப்பு மூட்டி மீன் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யோசனையை எதிர்த்து, ஆளைப் பிடித்து வைத்திருப்பது. எங்களுக்கு வராத கலை இது.

அவன் என்ன செய்கிறான்?

எதிரியின் பெயரிலேயே அவனுடைய வேலை இருக்கிறது. சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். தமிழில் பிசாசு என்று மொழிபெயர்க்கப்படுகிற கிரேக்கச் சொல்லின் பொருள் அவதூறு சொல்கிறவன். ஆக அவனுடைய ஆயுதம் பெரும்பாலும் கதைதான். தலை சுத்துவது, வாயில் நுரை தள்ளுவது எல்லாம் எங்கட கற்பனையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நல்ல பொய்யை நல்ல நேரத்தில் காதில் போடுவதோடு பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

சகரியா 3இல் ஒரு காட்சி இருக்கிறது. யோசுவா என்ற பிரதான ஆசாரியன் அழுக்கு உடுப்போடு நிற்கிறான். வலது பக்கத்தில் சாத்தான் குற்றஞ்சாட்ட நிற்கிறான். கவனியுங்கோ, உடுப்பு உண்மையிலேயே அழுக்குத்தான். குற்றச்சாட்டில் உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் அது நோகிறது. கர்த்தர் அழுக்கு இல்லை என்று வாதாடவில்லை. சாத்தானை அதட்டிவிட்டு, உடுப்பை மாற்றச் சொல்கிறார்.

ஆவியானவர் உணர்த்துவதற்கும் எதிரி குற்றஞ்சாட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் காட்சியில் இருந்துதான் நான் படித்தேன். உணர்த்துதல் குறிப்பாக இருக்கும். ‘நேற்று அம்மாவுக்கு எறிஞ்சு கதைச்சாய், போய்ச் சொல்லு’ என்பது மாதிரி. அடுத்து என்ன செய்வது என்று தெரியும், செய்தால் மனம் இலேசாகும். குற்றச்சாட்டு மொத்தமாக இருக்கும். ‘நீ இப்படித்தான், உங்கட குடும்பமே இப்படித்தான், ஏ.எல். தொடக்கம் எல்லாத்திலயும் இப்படித்தான்.’ அதற்கு அடுத்த படி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு அழுதாலும் முடியாது. அந்தக் குரல் வசனம் சொல்லிக்கொண்டே வரவும் கூடும். வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்தவன் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான்.

இரண்டாவது வேலை, தனியாக்குவது. எலியாவின் கதையை (1 இராஜாக்கள் 19) இளம் ஆட்கள் எல்லாரும் வாசிக்க வேணும். கர்மேலில் பெரிய வெற்றி. அடுத்து யேசபேலின் ஒரு மிரட்டல் வருகிறது, ஆள் ஓடுகிறார். வேலைக்காரனை வழியில் விட்டுவிட்டுத் தனிய வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடிக்குக் கீழ் இருந்து, செத்துப்போனால் காணும் என்று கேட்கிறார். ‘நான் ஒருவன்தான் மிஞ்சினேன்’ என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை. அது பொய். இன்னும் ஏழாயிரம் பேர் இருந்தார்கள், கர்த்தர் கடைசியில் அந்தத் தொகையைச் சொல்கிறார். ஆனால் முதலில் என்ன நடந்தது என்று பாருங்கோ. தூதன் வந்து அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் வைத்தான். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார். திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஒரு பிரசங்கமும் இல்லை, ஒரு அதட்டலும் இல்லை. நித்திரை, சாப்பாடு, தண்ணி, திரும்ப நித்திரை. ஏழாயிரத்தைப் பற்றின கதை, நாற்பது நாள் நடந்து ஓரேப் போன பிறகுதான் வருகிறது.

மூன்றாவது வேலை, மறைக்க வைப்பது. இதைப் பற்றித் தெளிவாக எழுதியவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த போர்வீரன் அவர். வாசிக்கக் கிடைத்த கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர்களின் கதைகளையும் வாசித்துக்கொண்டு, தன் மனதுக்குள் வந்து போகிற யோசனைகளைக் கவனித்தார். சில யோசனைகள் வரும்போது இனிக்கும், போன பிறகு மனம் காய்ந்து கிடக்கும். சில யோசனைகள் போன பிறகும் சந்தோசம் நிற்கும். இந்தக் கவனிப்பில் இருந்துதான் அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ வளர்ந்தது. அதில் எதிரியை ஒரு பெட்டையை ஏமாற்றுகிற ஆளுக்கு ஒப்பிடுகிறார். தன் கதை தகப்பனுக்கோ புருசனுக்கோ தெரியவந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் ‘ஒருத்தருக்கும் சொல்லாதே’ என்பான். போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். ஐஸ் பழக்கிவிடுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். ‘ஒருத்தருக்கும் சொல்லாதே’ என்ற வசனம் எங்கே கேட்டாலும் அங்கே ஒரு பொறி இருக்கிறது.

சத்தமில்லாத தாக்குதல்களும் இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனிதரைத் தாக்குகிற எட்டு யோசனைகளைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்று நண்பகலில் வருகிற சோர்வு. பகல் ஐம்பது மணித்தியாலம் மாதிரி நீளும், துறவி அடிக்கடி வெளியே வந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான், இந்த இடமும் இந்த வேலையும் வெறுத்துப்போகும், வேறு எங்காவது போனால் எல்லாம் சரிவரும் என்று தோன்றும். 1600 வருசத்துக்குப் பிறகு நாங்கள் சூரியனுக்குப் பதில் போனைப் பார்க்கிறோம். நாட்டை விட்டுப் போவது பாவம் என்று நான் சொல்லவில்லை, போக வேண்டிய காரணங்கள் எங்களுக்குக் கனக்க இருக்கின்றன. ஆனால் விசா வரும்வரை வாழத் தொடங்காமல் இருக்கிற அந்த நிலை எங்கட தலைமுறைக்கு நல்லாத் தெரியும். இன்றைக்கு எனக்கு முன்னால் இருக்கிற ஆளையும் வேலையையும் அது என்னிடம் இருந்து களவெடுக்கிறது.

எல்லாம் அவன் இல்லை

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது.

எங்கட வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தங்கச்சி. ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு நோய் என்று சொல்லி, குளிசை கொடுத்திருந்தார்கள். கிளினிக் கொப்பியோடு மாதம் மாதம் போய் வருவா, கொஞ்சம் தெளிந்தும் வந்தா. பிறகு வேறொரு ஜெபக்கூட்டத்தில், இது மனச்சோர்வின் ஆவி, குளிசை போடுவது விசுவாசக் குறைவு என்று சொன்னார்கள். அவ குளிசையை நிறுத்திவிட்டா. சில கிழமைகளில் நித்திரை போய்விட்டது. பழைய யோசனைகள் திரும்ப வந்தன. இந்த முறை அவற்றோடு ஒரு புதுச் சுமையும் சேர்ந்து வந்தது: விசுவாசம் இருந்திருந்தால் சுகம் வந்திருக்கும், வரவில்லை, அப்ப பிழை என்னிலதான்.

இதில் குற்றஞ்சாட்டுகிறவனின் குரல் எங்கே கேட்கிறது? நோயில் இருந்தா, அந்தப் போதனையில் இருந்தா?

ஒரு இரவு அவ எங்கட குழுவில் இருக்கிற அக்கா ஒருவருக்கு மெசேஜ் போட்டா: “அக்கா, முழிச்சிருக்கிறீங்களா?” அந்த அக்கா உடனே கோல் எடுத்தா. விடியும் மட்டும் லைனில் இருந்தா. காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக கிளினிக்குக்குப் போனார்கள். பத்து மணிமட்டும் வாங்கில் இருந்து, இலக்கம் வர டொக்டரிடம் நடந்ததைச் சொல்லி, குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த வாங்கில் இருந்தபடியே அக்கா அவவின் கையைப் பிடித்து ஜெபித்தாவாம், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத மாதிரி.

நான் பார்த்த ஆவிக்குரிய போராட்டங்களில் அதுதான் பெரியது. ‘ஒருத்தருக்கும் சொல்லாதே’ என்ற குரலுக்கு எதிராக ஒரு மெசேஜ். ‘நீ தனிய’ என்ற குரலுக்கு எதிராக ஒரு கோல். எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த அதே இரக்கம், எங்களுக்கு வெள்ளை உறையில் போட்ட குளிசையாக வருகிறது. லூக்காவையே பவுல் பிரியமான வைத்தியன் என்றுதான் கூப்பிடுகிறார்.

இதை வாசிக்கிற ஆருக்காவது வாழவே விருப்பமில்லாத யோசனை வந்துகொண்டிருந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கோ. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவும் பகலும் எடுக்கலாம். அதோடு நம்பக்கூடிய ஒரு ஆளுக்கும் சொல்லுங்கோ. ஜெபமும் செய்வோம், கிளினிக்குக்கும் போவோம். இரண்டையும் எதிர் எதிராக நிறுத்துகிறவரிடம் ஜெபம் பண்ணப் போகாதேங்கோ.

பிசாசு பிடித்தவர்களை இயேசு விடுதலையாக்கினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விடுதலை ஊழியம் என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நாங்கள் ஆமென் சொல்லத் தேவையில்லை. ஆளின் விருப்பம் இல்லாமல் செய்வது, அடிப்பது, கட்டி வைப்பது, நாட்கணக்கில் பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, காசு கேட்பது, ஒரு பெட்டையைத் தனிய அறைக்குள் கூட்டிக்கொண்டு போவது: இதில் ஒன்று இருந்தாலும் எழும்பி வெளியே வாங்கோ, மற்றவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இயேசு இதில் ஒன்றையும் செய்ததில்லை. அவர் விடுதலையாக்கிய ஆள் கடைசியில் உடுப்புப் போட்டு, தெளிந்த புத்தியோடு இருந்தான், வீட்டுக்குப் போனான்.

எப்படி எதிர்த்து நிற்கிறது?

திரும்ப எபேசியருக்கு வருவோம். அந்தக் கவசப் பகுதியில் பவுல் திரும்பத் திரும்பச் சொல்கிற சொல் ‘நில்’ என்பது. பாய், பிடி, அழி என்று அவர் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் விழாமல் நிற்பதுதான் கேட்கப்படுகிறது. கவசமும் எங்கட தயாரிப்பு இல்லை. ஏசாயா 59இல் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் கர்த்தர்தான் போட்டுக்கொள்கிறார். அவருடைய உடுப்பை எங்களுக்குத் தருகிறார். யோசுவாவுக்குத் தந்த மாதிரி.

இன்னொன்று, அங்கே வருகிறது ‘நீ’ இல்லை, ‘நீங்கள்’. கேடகத்துக்குப் பவுல் பாவிக்கிற கிரேக்கச் சொல், கதவு என்ற சொல்லில் இருந்து வந்தது. கதவு அளவு பெரிய அந்தக் கேடகத்தை உரோமப் படைவீரர் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்தால் ஒரு சுவர் மாதிரி நிற்கும். என் விசுவாசம் குறைகிற நாளில் பக்கத்தில் நிற்கிறவரின் கேடகம் என்னையும் கொஞ்சம் மறைக்கும். இதனால்தான் தனியாக்குவது எதிரிக்கு அவ்வளவு முக்கியம்.

அதே கடிதத்தில், 4ஆம் அதிகாரத்தில், பிசாசு எங்கே உள்ளே வருகிறான் என்று பவுல் நேரடியாகவே சொல்கிறார். அவர் அங்கே சூனியத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. எபேசுவில் சூனியத்துக்குக் குறைவில்லை, அப்போஸ்தலர் 19இல் அந்த ஊர்ச் சனம் கொண்டுவந்து எரித்த மந்திரப் புத்தகங்களின் பெறுமதி ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. அப்படி ஒரு ஊருக்கு எழுதும்போதும், பொழுது பட முதல் கோபத்தை விட்டுவிடுங்கோ, பிசாசுக்கு இடம் கொடாதேங்கோ என்றுதான் எழுதுகிறார். ஒரு இரவு வைத்திருந்த கோபம். அவனுக்கு அந்த இடம் காணும்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இரண்டு குடும்பங்கள் காணி எல்லை விசயத்தில் வருசக்கணக்காகக் கதைப்பதில்லை. சபையே இரண்டாகிப் போயிற்று. பிரிவினையின் ஆவிக்கு எதிராக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். இரண்டு குடும்பமும் வந்தன. ஒரு குடும்பம் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டு பக்கமும் சத்தமாக ஜெபித்தார்கள். மூன்று நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதில் ஒரு வீட்டு அம்மம்மா, ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மற்ற வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனா. போய் என்ன கதைத்தா என்று எனக்குத் தெரியாது. பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தா என்று மட்டும் ஊர் சொல்லிச்சு. காணிப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. ஆனால் பிள்ளைகள் இப்ப ஒன்றாக ரியூசன் போகினம். அந்த மூன்று நாள் உபவாசம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அம்மம்மா அந்தப் படலையைத் திறக்கத் தேவையான பெலன் அங்கே இருந்து வந்திருக்கலாம். ஆனால் படலையை ஆரோ ஒருவர் திறக்க வேணும்.

கைக்கு அடக்கமான நாலு விசயங்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இவை எனக்கு உதவினவை.

ஒன்று, சொல்லிப்போடுங்கோ. வெட்கமான யோசனையோ, பயமான யோசனையோ, ஒரு ஆளுக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கோ. சொன்ன உடனே பாதிப் பாரம் குறைகிறது. ஆரிடம் சொல்வது என்று கவனமாகத் தெரியுங்கோ, வாய் காக்கிற ஆளாக இருக்க வேணும்.

இரண்டு, இருட்டில் முடிவு எடுக்காதேங்கோ. இது இஞ்ஞாசியாரின் விதி: மனம் காய்ந்து கிடக்கிற நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது. படிப்பை விடுவது, உறவை முறிப்பது, சபையை விட்டுப் போவது எல்லாம் நித்திரை கொண்டு, சாப்பிட்டு, ஆரோடாவது கதைத்த பிறகு யோசிக்கலாம்.

மூன்று, பொய்க்குப் பதில் எழுதி வையுங்கோ. எவாக்ரியஸ் தன் எட்டு யோசனைகளுக்கும் எட்டுப் பகுதிகளாக வேத வசனங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே எழுதினார், இந்த யோசனை வந்தால் இந்தப் பதில் என்று. உங்களுக்கு எட்டு வேண்டியதில்லை. உங்களை அடிக்கடி பிடிக்கிற ஒரு பொய்யையும், அதற்கு நேரான ஒரு வசனத்தையும் கொப்பியில் உங்கட கையெழுத்தில் எழுதுங்கோ. வனாந்தரத்தில் இயேசு செய்ததும் இதுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பதில். நீளமாக வாதாடவில்லை.

நாலு, மற்றவருக்காக ஜெபியுங்கோ. கவசத்தைப் போட்டு முடிந்தவுடன் பவுல் கேட்பது அதைத்தான், பரிசுத்தவான்கள் எல்லாருக்காகவும் விழித்திருந்து ஜெபியுங்கோ என்கிறார். தனக்காகவும் கேட்கிறார். விலங்கில் இருக்கிற மனுசன் விலங்கு கழர வேணும் என்று கேட்கவில்லை, பயப்படாமல் கதைக்க வேணும் என்று கேட்கிறார். அந்தக் கவசக் கடிதம் சகோதரருக்குச் சமாதானமும் அன்பும் சொல்லித்தான் முடிகிறது.

இதை நீங்கள் வாசிக்கிற நேரம் இன்னும் பொழுது படவில்லை என்றால், கன நாளாகக் கதைக்காமல் விட்ட ஒருவரின் இலக்கம் உங்கட போனில் இருக்கும். எடுங்கோ. பதில் சொல்லாவிட்டால் நாளைக்கும் எடுக்கலாம்.